பாறசாலையிலிருந்து ஒரு சைக்கிள் சுற்று: இரண்டு கணவாய், ஒரு கோடு

கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் எல்லை எது என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளை கூட மேற்குத் தொடர்ச்சி மலை என்று சொல்லிவிடும். எங்கள் பாறசாலைப் பக்கத்து ஆளிடம் கேட்டுப் பாருங்கள். கையை நீட்டி ஒரு ரப்பர் தோட்டத்தைக் காட்டுவார். இந்த வரிசை வரை கேரளம், அந்த வரிசையிலிருந்து தமிழ்நாடு. மலையா? அது கிழக்கே தூரத்தில் நீலமாகத் தெரியும், அவ்வளவுதான்.

இது ஏன் இப்படி என்பது எனக்கு ரொம்ப நாள் யோசனை. புத்தகங்களில் துண்டு துண்டாகப் படித்திருந்தேன். ஆனால் மொத்தமாகப் புரிந்தது சைக்கிள் மிதித்தபோதுதான். போன முறை லீவில் போனபோது நானும் சித்தப்பா மகனும் அகத்தியர் மலையை ஒரு சுற்று சுற்றி வந்தோம். வலம் வந்தோம் என்றே சொல்லலாம். 300 கிலோமீட்டருக்கு மேல் வரும். குவைத்தில் மேம்பாலம் ஏறுவதையே மலையேற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்த என் முழங்காலுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். ஐந்து நாள் எடுத்தது. பரவாயில்லை, பரிசு கொடுக்க யாரும் நிற்கவில்லையே.

பாறசாலையிலிருந்து வெள்ளறடை, அம்பூரி, அங்கிருந்து நெய்யாறு அணை. ஏற்றமும் இறக்கமுமாக, ரப்பரும் மரச்சீனியும் மாறி மாறி வரும். அம்பூரியில் 2001 நவம்பரில் மலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே ராத்திரியில் போனார்கள். அந்தச் சரிவைப் பார்த்துக்கொண்டே ஏறும்போது பேச்சு தானாக நின்றுவிடுகிறது. அணைக்கு மேலே காடு. 1958-லேயே அது வனவிலங்கு சரணாலயம் ஆகிவிட்டது. அதற்கும் மேலே 1,868 மீட்டர் உயரத்தில் அகத்தியர்கூடம். நெய்யாறும் கரமனை ஆறும் மேற்கே இறங்குவதும் இந்த மலைக்கூட்டத்திலிருந்துதான், திருநெல்வேலிக்குச் சோறு போடும் தாமிரபரணி கிழக்கே இறங்குவதும் இங்கிருந்துதான்.

அணையிலிருந்து நேராகக் கிழக்கே தாண்டிப் பாபநாசம் போய்விடலாமே என்று தோன்றும். முடியாது. தெற்கே ஆரல்வாய்மொழி, வடக்கே ஆரியங்காவு. இந்த இரண்டுக்கும் நடுவில் வண்டி தாண்டிப் போகிற கணவாய் ஒன்றும் கிடையாது. திருவிதாங்கூர் ராஜ்யம் இத்தனை காலம் தனியாக நின்றதற்கு ராஜாக்களின் சாமர்த்தியம் ஒரு காரணம் என்றால், இந்த மலைச்சுவர் இன்னொரு காரணம். என்னைக் கேட்டால் சுவருக்குத்தான் மார்க் அதிகம் கொடுப்பேன்.

ஆகவே வடக்கே திரும்பி நெடுமங்காடு, பாலோடு, குளத்துப்புழை, தென்மலை என்று காட்டு ரோடு. சைக்கிள்காரனுக்கு இந்தப் பயணத்தில் சொர்க்கம் இதுதான். கழுதுருட்டியில் ரோட்டோரமாகவே பதின்மூன்று கண் ரயில் பாலம் நிற்கிறது. கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு 1904-ல் மீட்டர் கேஜ் ரயில் வந்தது. திருவிதாங்கூர் பார்த்த முதல் ரயில் அது. தலைநகரமான திருவனந்தபுரத்துக்கு ரயில் வருவதற்கு முன்பே இந்தக் கணவாய் வழியாக வந்துவிட்டது. பிறகு 2010-ல் மூடி, அகலப்பாதையாக்கி, 2018-ல் திறந்தார்கள். ஆரியங்காவு தாண்டியதும் காற்று மாறும், மரம் மாறும், சைக்கிள் தானாக இறங்கும். எல்லை என்று போர்டு வைக்காவிட்டாலும் உடம்புக்குத் தெரியும்.

தென்காசி, அம்பாசமுத்திரம், களக்காடு, வள்ளியூர் இதெல்லாம் சமதளம். வேகமாகக் கடந்துவிடலாம், நானும் கடந்துவிடுகிறேன்.

ஆரல்வாய்மொழிதான் முக்கியம். திருவிதாங்கூரின் தெற்கு வாசல் இது. இங்கே கோட்டை கட்டி, சுவர் எழுப்பி, பட்டாளம் நிறுத்தியிருந்தார்கள். வேலுத்தம்பி தளவாய் கம்பெனிக்காரர்களோடு மோதியபோது 1809 பிப்ரவரி 10-ம் தேதி கர்னல் செயின்ட் லெஜரின் படை இந்த அரணைப் பிடித்தது. வாசல் போனதும் வீடும் போனது. அந்த வருஷமே வேலுத்தம்பி மண்ணடியில் உயிரை விட்டார். அவர் பிறந்த தலக்குளம் இப்போது கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது.

இன்னொரு ஆள் கதையும் சொல்ல வேண்டும். நெய்யாற்றின்கரையில் பிறந்த 'சுவதேசாபிமானி' ராமகிருஷ்ண பிள்ளை. பத்திரிகையில் திவான் ராஜகோபாலாச்சாரியைக் கிழித்து எழுதியதற்காக 1910 செப்டம்பரில் நாடு கடத்தினார்கள். (இவர் வேறு ராஜகோபாலாச்சாரி, நம்ம ராஜாஜி இல்லை.) அச்சகத்தைப் பூட்டி, ஆளைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அன்றைக்கு நெய்யாற்றின்கரைக்காரனை நாட்டை விட்டு வெளியேற்ற வேண்டுமென்றால் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் கொண்டுபோய் ஆரல்வாய்மொழியைத் தாண்டவைக்க வேண்டும். இன்றைக்கு களியக்காவிளை வரை போனால் போதும், 15 கிலோமீட்டர் கூட வராது. வாசல் அங்கிருந்து இங்கே நகர்ந்துவிட்டது. எப்படி?

திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், மார்ஷல் நேசமணி என்ற பெயர்கள் நம் வீடுகளில் தெரியாமல் இருக்காது. அவர்கள் கேட்டது ஒன்பது தாலுகா. அதில் நெய்யாற்றின்கரையும் உண்டு, தேவிகுளமும் பீர்மேடும் உண்டு. 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து பலர் செத்தார்கள். அப்போது முதல்வர் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை. சொந்தக் கட்சி முதல்வரை ராஜினாமா செய்யச் சொன்னார் ராம் மனோகர் லோகியா. இன்றைக்கு எந்தக் கட்சியிலாவது இது நடக்குமா? 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும், செங்கோட்டையில் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா அங்கேயே நின்றது, பாறசாலையும் அதோடு நின்றது.

அதாவது, வடக்கே மலை உச்சியோடு நிம்மதியாக வந்த கோடு, அகத்தியர் மலைக்குத் தெற்கே மலையை விட்டு இறங்கி, தோட்டங்களுக்கும் வீடுகளுக்கும் நடுவில் புகுந்து கடலுக்குப் போகிறது. இந்தப் பகுதியின் அறுபது எழுபது வருஷத்துச் சங்கடம் எல்லாம் இந்த ஒரு வளைவில்தான் இருக்கிறது.

பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில், நிர்வாகம் கேரள தொல்லியல் துறையிடம். நவராத்திரிக்கு அங்கிருந்து சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் இன்றும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போகிறார்கள். களியக்காவிளையில் கேரள போலீஸ் மரியாதை கொடுத்து வரவேற்கிறது. ராத்திரி தங்கல் நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயிலில். சாமிகளுக்கு எல்லை ஒரு மரியாதையோடு முடிந்தது. மனுஷனுக்கு அப்படி முடியவில்லை.

முதலில் அரிசி. திருவிதாங்கூரின் நெல் களஞ்சியம் நாஞ்சில் நாடு. அது 1956-ல் இந்தப் பக்கம் வந்துவிட்டது. 1957-லிருந்து தென்மாநிலங்கள் சேர்ந்து ஒரே அரிசி மண்டலமாக இருந்தவரை பெரிதாகத் தெரியவில்லை. 1964-ல் அதைக் கலைத்து, மாநிலத்துக்கு ஒரு மண்டலம் என்று ஆக்கினார்கள். அவ்வளவுதான், ஒரு தலைமுறையாகச் சும்மா வாங்கிச் சாப்பிட்ட அரிசி ஒரே நாளில் கடத்தல் சரக்காகிவிட்டது. கடத்தியது என்ன பெரிய கூட்டமா? சைக்கிள்காரர்கள்தான். கேரியரில் ஒரு மூட்டை, பாருக்கு நடுவில் இன்னொன்று, விளக்கில்லாமல் ரப்பர் தோட்டத்துக்குள்ளே ஓட்ட வேண்டும். என் தாய்மாமா இருபது வயதில் இந்த வேலை பார்த்தவர். அம்மா வீடு விளவங்கோடு பக்கம், அத்தை வீடு பாறசாலைப் பக்கம், ஆகவே ரூட் நன்றாகத் தெரியும். நாங்கள் சுற்றி முடித்து வந்தபோது எங்கள் கியர் சைக்கிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுல ஒரு சாக்கு அரிசி வைக்க எடமில்லியே மக்கா. தார் ரோட்ல போனா பிடிச்சிருவான். எங்களுக்கு சானல்கரைதான் நேஷனல் ஹைவே."

அவர் சொன்ன சானல் நெய்யாறு இடதுகரைச் சானல். இப்போது தண்ணீருக்கு வருவோம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் நெய்யாறு திட்டம் போட்டபோது நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சிக்குள் இருந்தன. ஆகவே இடதுகரைச் சானல் தயக்கமில்லாமல் விளவங்கோட்டுக்குள் வந்து 9,200 ஏக்கருக்குப் பாய்வதாக வடிவமைத்தார்கள். கோடு போட்டபோது அணை அந்தப் பக்கம், வால் இந்தப் பக்கம். (1906-ல் முடிந்த பேச்சிப்பாறை அணைக்கு இந்தத் தலைவலி இல்லை. அது வயலோடு சேர்ந்தே தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது.) ஆனாலும் நாற்பது வருஷத்துக்கு மேல் தண்ணீர் வந்தது. 2003-ல் கேரளம் புதிய நீர்ப்பாசனச் சட்டம் கொண்டுவந்தது. 2004-ல் தண்ணீர் நின்றது. நெய்யாறு கேரளத்துக்குள்ளேயே ஓடுகிற ஆறு, தண்ணீர் வேண்டுமென்றால் ஒப்பந்தம் போட்டுப் பணம் கட்டுங்கள் என்பது கேரளத்தின் பக்கம். நீர்பிடிப்பில் ஒரு பகுதி எங்களிடம் இருக்கிறது, இது மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறு என்பது தமிழ்நாட்டின் பக்கம். 2012-ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

நான் பேங்க்காரன். இரண்டு பக்கத்துக் கணக்கையும் பார்க்கிற பழக்கம் உண்டு. விலை கேட்பது தப்பில்லை. ஆனால் வெறும் 9,200 ஏக்கர் பாசனம், இரண்டு அரசுகளும் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் தீர்க்கிற தொகை. முல்லைப் பெரியாறு மாதிரி பயமோ பெரிய அரசியலோ இதில் இல்லை. பெரிய அரசியல் இல்லாததால்தான் கேட்க ஆளில்லை என்று நினைக்கிறேன். மாமா இரண்டு வருஷம் பார்த்துவிட்டு வயலில் வரப்பை வெட்டிச் சமன் செய்து ரப்பர் வைத்தார். அந்தச் சானல்கரையில் நாங்கள் ஓட்டியபோது உள்ளே புல் இடுப்பளவு நின்றது, ஒருவர் மாடு கட்டியிருந்தார்.

டிசம்பர் லீவில் பிள்ளைகளோடு போகிறவர்கள் முழுச் சுற்று போக வேண்டாம். பாறசாலை - வெள்ளறடை - நெய்யாறு அணை ஒரு நாளைக்குப் போதும். அணைக்கு மேலே கோட்டூர் பக்கம் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் போகிறவர்கள் எங்களைப் போலச் சுற்றாமல் எதிர்ப்பக்கமாகச் சுற்றுங்கள். ஆரல்வாய்மொழியில் அப்போது மேற்கிலிருந்து வீசுகிற காற்று, முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்று, முதுகில் பிடித்துத் தள்ளும். எதிரே வந்தால் இறக்கத்தில் கூட மிதிக்க வேண்டியிருக்கும்.