வடிகட்டியும் தாமரைக் குளமும்

சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் முகப்பை ஒட்டிய பாறையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பாண்டியன் அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்ற சமணர் அர்த்தமண்டபத்தைப் புதுப்பித்து, அதன் முன்னால் ஒரு முகமண்டபமும் எடுத்தார் என்று அது சொல்கிறது. திருப்பணிக் கல்வெட்டுகள் தமிழ்நாட்டில் ஏராளம். இந்தக் கல்வெட்டை மட்டும் நான் காற்றைப் பற்றிய குறிப்பாகவே வாசிக்கிறேன்.

காரணம் எளிது. மலையின் மேற்குச் சரிவில், மேற்கே பார்த்துக் குடைந்த கோயில் அது. உள்ளே கூரை முழுக்கத் தாமரைக் குளம்: மீன், யானை, எருமை, அன்னம், பூப்பறிக்கும் ஆட்கள். எல்லாம் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சின் மேல். முன்னால் ஒரு மண்டபம் இல்லாவிட்டால் மாலை வெயிலும் மழைச் சாரலும் புழுதியும் நேராகப் படத்தின் மேல்தான் வந்து விழும். முகமண்டபம் அழகுக்கு மட்டுமில்ல; வெளிக்காற்றின் வேகத்தையும் அழுக்கையும் தான் வாங்கிக்கொண்டு, மிச்சத்தை உள்ளே விடுகிற முன்னறை. இன்றைய பாஷையில் சொன்னால், வடிகட்டி.

இளங்கௌதமனின் மண்டபம் எப்போதோ அழிந்துபோனது. இன்று நாம் பார்க்கும் முன்மண்டபம் புதுக்கோட்டை சமஸ்தானக் காலத்தில், குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்த பழைய தூண்களை நிறுத்திக் கட்டியது. வடிகட்டியை மாற்றியாயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

இந்த உவமை எனக்குக் கிடைத்தது டொராண்டோவில் இருக்கும் பெரியம்மா மகளிடமிருந்து. போனில் பேசிக்கொண்டிருந்தவள் நடுவில், "இருடா, ஃபில்டர் மாத்தணும், வீடே சூடாக மாட்டேங்குது" என்றாள். "என்னக்கா, மெஷின் போயிடுச்சா?" என்றேன். "மெஷின் நல்லாத்தான் இருக்கு. மூச்சுதான் விட முடியல."

அவள் வீட்டில் இருப்பது ஹீட் பம்ப். குளிர்காலத்தில் வெளிக்காற்றில் மிச்சமிருக்கும் வெப்பத்தை உறிஞ்சி உள்ளே தள்ளும். கோடையில் அதையே திருப்பிச் செய்யும். 1850களில் ஆஸ்திரியாவின் எபென்சே உப்பாலையில் பீட்டர் ரிட்டிங்கர் இந்தத் தத்துவத்தை வேலை செய்ய வைத்தார். அறைகளுக்குக் குழாய்வழியே காற்று போய், திரும்பி வரும் வழியில் ஒரு வடிகட்டியைத் தாண்டும். தூசி அடைத்தால் காற்று குறையும். காற்று குறைந்தால் வெப்பத்தைக் கைமாற்றும் சுருள் திணறும். கோடையில் அதன் மேல் பனிக்கட்டியே படியும். மின்கட்டணம் ஏறும். வலை வடிகட்டி என்றால் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டலாம். மடிப்புக் காகித வடிகட்டியை அலசக் கூடாது, எடுத்துப் போட்டுவிட்டுப் புதுசு வைக்க வேண்டும். ஓரத்தில் உள்ள அம்புக்குறி காற்று போகும் திசையைப் பார்க்க வேண்டும். ரொம்ப நெருக்கமான வடிகட்டி போட்டாலும் ஆபத்து; தூசியோடு காற்றையும் தடுத்துவிடும்.

இதில் ஒரு பெரிய யோசனை ஒளிந்திருக்கிறது: அழுக்கு எங்கேயாவது படிந்தே தீரும், அது கழற்றி எடுக்கக்கூடிய இடத்தில் படியட்டும்.

இந்த யோசனையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அஜந்தா சாட்சி. 1920களின் தொடக்கத்தில் ஹைதராபாத் நிஜாம் அரசு லொரென்சோ செக்கோனி என்ற இத்தாலிய நிபுணரை அழைத்துவந்தது. உதிரும் நிலையிலிருந்த பூச்சை அவர் பிடித்து நிறுத்தினார். அது உண்மையான உதவி. ஆனால் ஓவியங்களின் மேல் பூசிய அரக்கு வார்னிஷ் நாளாக ஆக மஞ்சளித்து, நிறங்களை மறைத்தது. காப்பு, காக்கப்படும் பொருளோடேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுப்பதே பின்னால் வந்த தொல்லியல் துறையினருக்குப் பல பத்தாண்டு வேலையானது.

பிரான்ஸின் லாஸ்கோ குகை இன்னொரு பாடம். 1940இல் கண்டுபிடித்து, 1948இல் மக்களுக்குத் திறந்தார்கள். ஒரு நாளைக்கு 1,200 பேர் வரை போனார்கள். அத்தனை பேர் மூச்சின் ஈரமும் சூடும் கரியமில வாயுவும் சுவரில் படிந்தன. 1950களின் கடைசியில் காற்றைச் சீராக்க இயந்திரம் வைத்தார்கள். போதவில்லை, 1963இல் குகையை மூடினார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் புதிய இயந்திரம் பொருத்திய கையோடு வெள்ளைப் பூஞ்சை சுவரெல்லாம் பரவியது. குற்றம் இயந்திரத்தினுடையதா என்று இன்னும் வாதிடுகிறார்கள்.

சித்தன்னவாசலில் அப்படி இயந்திரம் எதுவும் தேவைப்பட்டதில்லை. ஆனால் வேதியியல் ஒன்றுதான். சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930களில் இந்த ஓவியங்களின் பூச்சையும் நிறமிகளையும் ஆராய்ந்தார். அது சுண்ணாம்பு. கரியமில வாயு கலந்த ஈரம் சுண்ணாம்பைக் கரைக்கும். ஈரம் காயும்போது உப்பு மேலே வந்து நிறத்தை உதிர்க்கும். வேலியும் காவலும் இல்லாதிருந்த ஆண்டுகளில் போனவர்கள் வந்தவர்கள் கீறியது தனிக் கணக்கு.

ஆகவே இன்று அங்கே வாசலில் நின்று, "உள்ள கூட்டம் போடாதீங்க, சுவரத் தொடாதீங்க" என்று சலிக்காமல் சொல்லும் காவலரை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. முன்மண்டபம், கம்பிக் கதவு, காவலர் எல்லாம் படத்தின் மேல் ஒட்டாத காப்புகள். பழுதானால் மாற்றலாம். படத்தை மாற்ற முடியாது.

கூரையின் குளத்தில் பாதிக்கு மேல் ஏற்கெனவே போய்விட்டது. மிச்சமிருப்பதும் நம் மூச்சுக்காற்று படுகிற தூரத்தில்தான் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது நாலு பேராக உள்ளே போய், சீக்கிரம் பார்த்துவிட்டு, அடுத்த நாலு பேருக்கு வழிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.