ஊர்ப்பெயரால் அறியப்பட்டோர்

தொல்காப்பியர் பெயரியலில் உயர்திணைப் பெயர்களை வகைப்படுத்தும் நூற்பா ஒன்றை நிலப்பெயர் கொண்டு தொடங்குகிறார். குடிப்பெயரும் குழுவின் பெயரும் வினைப்பெயரும் அதன் பின்னரே வருகின்றன. ஒருவரை இன்னார் எனச் சுட்ட அவர்தம் நிலமும் ஊரும் தக்க அடையாளங்களாகும் என்னும் கருத்து தமிழர்க்குப் பழையது.

இதற்குக் கல்லே சான்று பகர்கிறது. அழகர்மலைக் குகையில் கொடையாளர் ஒருவர் ‘மதிரை’ப் பொன்கொல்லன் எனப் பொறிக்கப்பட்டுள்ளார். புகளூரில் கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவர் இடம்பெறுகிறார். சித்தன்னவாசலில் எருமிநாட்டுக் குமுழூரிற் பிறந்த காவுடி என்பவர் குறிக்கப்படுகிறார். இம்மூன்று கல்வெட்டுகளும் அவ்வவ்வூர்க்குப் புறத்தே அமைந்தவை என்பது கருதத்தக்கது. மதுரைக்குள் வாழ்வோரை மதுரையார் என விளிப்பாரில்லை. ஊரைவிட்டு வெளியே வந்தவர்க்கே ஊர்ப்பெயர் உடன் வருகிறது.

சங்கப் புலவர் பெயர்களில் இவ்வழக்கம் மேலும் விரிவடைகிறது. முடமோசியார்க்கு உறையூர் என்னும் நகரமும், அதனுள் ஏணிச்சேரி என்னும் பகுதியும் அடையாயின. முல்லைப்பாட்டின் ஆசிரியர், காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் என ஊராலும் தந்தையின் தொழிலாலும் அறியப்படுகிறார். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் பெயரிலோ இரண்டு ஊர்கள் உள்ளன. சீத்தலையை ஊர்ப்பெயராகக் கொள்வோர் கருத்துப்படி, அவர் வணிகம் செய்த ஊர் ஒன்று. வேரூன்றிய ஊர் மற்றொன்று. ஒருவர்க்கு ஓர் ஊரே உரியது என்னும் கட்டுப்பாட்டைப் பண்டைத் தமிழர் விதித்ததாகத் தெரியவில்லை.

வெண்ணிக் குயத்தியார் நிலை வேறு. வெண்ணிப் போரில் வென்ற கரிகாலன் முன்னிலையிலேயே, புறப்புண் நாணி வடக்கிருந்த தோற்ற வேந்தனை அவனினும் நல்லன் எனப் பாடிய துணிவு அவருடையது. அவருடைய இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. ஊரும் தொழிலுமே எஞ்சின. ஊர்ப்பெயர் அவரை மறதியினின்று காத்தது. அதே வேளையில் அவர்தம் பெயர் மறைந்த இடத்தையும் அதுவே நிரப்பிக்கொண்டது.

இலக்கண நெறியில் மதுரையான், மதுரையாள், மதுரையார் எனப் பால்காட்டும் ஈறுகள் அமைகின்றன. மகர ஈற்றுப் பெயர் சாரியை பெற்றுப் பட்டினத்தார் என்றாகிறது. மக்கள் நாவில் வழங்குவது மதுரைக்காரர் என்னும் வடிவம். செய்தித்தாள்கள் சென்னைவாசி என எழுதும். மதுரையான் என்பதும் மதுரையார் என்பதும் ஓர் ஊரையே குறிப்பினும், முன்னதில் உரிமையோ இகழ்ச்சியோ தொனிக்கலாம். பின்னதில் மதிப்பே தொனிக்கும். ஆதலின் ஈற்றைத் தேர்வது இலக்கணத்தோடு முடிந்துவிடும் செயலன்று.

பிறர் இடும் பெயரில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். சென்னை மாநகரைக் கண்டறியாத தமிழரையும் மலையாளியரையும் கன்னடரையும் தெலுங்கரையும் வடபுலத்தார் ‘மதராசி’ என ஒரே சொல்லால் சுட்டினர். ஒரு நகரின் பெயர், நான்கு மொழியினரின் வேற்றுமையை மறைக்கும் போர்வையாயிற்று. 1969இல் சென்னை மாநிலம் தமிழ்நாடு என்னும் பெயர் பெற்றது. 1996இல் ‘மெட்ராஸ்’ என்னும் நகர்ப்பெயரும் அலுவல் வழக்கினின்று நீங்கிச் சென்னையாயிற்று. ஆட்சியாணையால் மாநிலத்தின் பெயரும் நகரின் பெயரும் மாறின. பிறர் நாவில் ஊறிய அச்சொல்லோ ஆணைக்கு அடங்கவில்லை.

ஆகவே ஓர் ஊராரை எவ்வாறு அழைப்பது என்னும் வினாவிற்கு இலக்கணம் தரும் விடை பாதியே. மறுபாதி அவ்வூராரிடம் உள்ளது. சாத்தனார்க்கு இரண்டு ஊர்களையும் விட்டுவைத்த மரபு, இன்று பிழைப்புக்காக ஊர் மாறியவர் இரண்டையும் தம்முடையன என்னும்போது மறுக்கலாகாது. பெயர்களைத் தொகுப்போர் ஊரைக் குறிக்கும்போது ஆளின் பெயரையும் உடன் குறிக்க வேண்டும். வெண்ணியில் வாழ்ந்த அப்பெண்பாற் புலவர்க்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. இனி எழுதும் எவர்க்கும் அது தவறுதல் கூடாது.