முட்டுக்கட்டை யார் கையில்?

"எதைச் சொன்னாலும் முட்டுக்கட்டை போடுறான்பா"ன்னு நாம ஒருத்தரைத் திட்டுவோம். ஆனா அந்தச் சொல் பிறந்த இடத்தில் முட்டுக்கட்டைதான் உயிரைக் காப்பாற்றும் பொருள். திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் பார்த்தவங்களுக்கு இது புரியும். ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடித்து இழுப்பார்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் சிலர் கட்டையோடு கூடவே நடப்பார்கள். தேர் விலகினால் சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுப்பார்கள். முன்னால் இழுக்கிறவருக்குச் சக்கரத்தில் என்ன நடக்குதுன்னு தெரியாது. அதனாலதான் நிறுத்துற வேலை தனி ஆட்களிடம் இருக்கு. 2024 தேரோட்டத்தில் வடம் திரும்பத் திரும்ப அறுந்தது. தேர் நின்றது. வடத்தைச் சரிசெய்த பிறகுதான் நகர்ந்தது.

சரி, இசைக் கச்சேரியில் அந்தக் கட்டை யார் கையில் இருக்கு? இன்றைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம்.

1979 டிசம்பர் 3, அமெரிக்காவின் சின்சினாட்டி நகரம். 'தி ஹூ' ராக் குழுவின் நிகழ்ச்சி. பெரும்பாலான டிக்கெட்டுகளுக்கு இருக்கை எண் கிடையாது, முந்தி வந்தவருக்கே முன்வரிசை. அதனால் கதவு திறப்பதற்குப் பல மணி நேரம் முன்பே வாசலில் கூட்டம். உள்ளே இசை கேட்டதும், நிகழ்ச்சி தொடங்கிவிட்டது என்று நினைத்துப் பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். திறந்திருந்ததோ சில கதவுகள்தான். 11 பேர் இறந்தார்கள். ஆனாலும் கச்சேரி முழுசா நடந்தது! நிறுத்தினால் நிலைமை இன்னும் மோசமாகும் என்று பயந்தார்கள். மேடையில் இருந்தவர்களுக்கே விஷயம் கடைசியில்தான் தெரியும்.

'ரசிகர்கள் முட்டி மோதிக்கிட்டாங்க'ன்னு சொல்வது எப்பவுமே சுலபம். ஆனா கூட்ட நெரிசலை ஆராய்ந்த பொறியாளர் ஜான் ஃப்ரூயின் சொல்வது வேறு. ஒரு சதுர மீட்டரில் சுமார் 7 பேர் என்ற அளவை எட்டும்போது, கூட்டம் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். உங்க கால் உங்க பேச்சைக் கேட்காது. இப்படி இறப்பவர்களில் பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதில்லை. நெஞ்சு விரிய இடமில்லாமல், நின்றபடியே மூச்சுத் திணறி இறக்கிறார்கள். பின்னால் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. 'யாரும் தள்ளாதீங்க'ன்னு மைக்கில் கத்தினால் மட்டும் அங்கே ஒண்ணும் ஆகாது.

2021 நவம்பர் 5, ஹூஸ்டனில் 'ஆஸ்ட்ரோவேர்ல்ட்'. பெரும் எண்ணிக்கையில் பாதிப்பு என்று இரவு 9.38க்கே அதிகாரிகள் அறிவித்துவிட்டார்கள். அதன் பிறகும் அரை மணி நேரம் பாட்டு ஓடியது. நிறுத்தும் அதிகாரம் ஓரிருவருக்கு மட்டும்தான் என்று திட்டத்தில் எழுதியிருந்தார்கள். கூட்டம் நசுங்குவதைக் கண்ணால் பார்த்தவர் கையில் கட்டை இல்லை. 10 பேர் இறந்தார்கள்.

இதெல்லாம் அமெரிக்கக் கதைன்னு நினைக்க வேண்டாம். 2023 நவம்பர் 25, கொச்சி குசாட் பல்கலைக்கழகத்தில் டெக் ஃபெஸ்ட். நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச மாதிரியான காலேஜ் நிகழ்ச்சி. கச்சேரி தொடங்கும் முன்பே மழை வந்தது. வெளியே நின்றவர்கள் உள்ளே ஓட, வாசலை ஒட்டிய செங்குத்தான படிகளில் முன்னால் போனவர்கள் விழுந்தார்கள். 4 பேர் இறந்தார்கள். வாசலில் நெருக்கடி, உள்ளே நடப்பது பின்னால் தெரியாது: 44 வருஷம் கழித்தும் அதே சின்சினாட்டிதான்.

அதே ஆண்டு செப்டம்பர் 10, சென்னை அருகே பனையூரில் ஏ.ஆர்.ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்'. டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். நெரிசலில் பெண்கள் சீண்டலுக்கு ஆளானார்கள். ரஹ்மானும் ஏற்பாட்டாளரும் பொறுப்பேற்றார்கள். அது நல்ல விஷயம். ஆனா பொறுப்பேற்பது மறுநாள் வேலை. கட்டை போடுவது அந்த நிமிஷத்து வேலை.

மென்பொருள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. புது வெர்ஷனை வெளியிடும் முன்பே, தப்பாகப் போனால் யார் பின்வாங்குவது, எந்த எண்ணைத் தாண்டினால் பின்வாங்குவது என்று எழுதி வைப்போம். அந்த நேரத்தில் மேனேஜருக்கு ஃபோன் போட்டு அனுமதி கேட்டுக்கிட்டு இருக்க முடியாது. ஒரு ஆப்புக்கே இவ்வளவு பார்க்கிறோம்.

2025 செப்டம்பர் 27 அன்று கரூர் அரசியல் கூட்டத்தில் 41 பேரைப் பறிகொடுத்த மாநிலம் இது. அதனால நாளைக்குப் பாளையங்கோட்டையில் உங்க காலேஜ் ஃபெஸ்ட்டுக்குப் பாடகர் வர்றார்னா, கமிட்டியில் இருக்கிறவங்க மூணு கேள்வி கேளுங்க. இடத்துக்கு எத்தனை பேர், அதை யார் எண்ணுறாங்க? மழை வந்தால் எந்த வாசல் திறக்கும்? தடுப்புக்குப் பக்கத்தில் நிற்கும் வாலன்டியர் கை தூக்கினால், பாட்டு நிற்குமா?

மூணாவதுக்கு 'சார்கிட்ட கேட்கணும்'னு பதில் வந்தால், டிக்கெட் விற்பனையை அங்கேயே நிறுத்துங்க. முட்டுக்கட்டை போடுறான்னு சொல்லத்தான் செய்வாங்க. சொல்லிட்டுப் போகட்டும் மக்களே!