முகப்பிசை தந்த மேனாட்டறிஞர்



மலைநாட்டுத் தோட்டங்களிற் பிறந்து வளர்ந்த என் வயதினர் பலருக்கும் ஓர் இசை நன்கு நினைவிருக்கும். றொசல்லப் பகுதியில் விடியற்காலம். புகையிரதப் பாதையையும் தேயிலை மலையையும் ஒருங்கே மூடிய பனி விலகியிராது. பிரட்டுக்குச் செல்வோர் கம்பளியைப் போர்த்துக்கொண்டு இறங்கத் தொடங்குவர். அவ்வேளையில், லயத்தில் வானொலிப் பெட்டி உடைய வீட்டார் திருச்சிராப்பள்ளி நிலையத்தைத் தேடி முள்ளைத் திருப்புவர். இரைச்சலின் நடுவே முதலில் தம்புராவின் சுருதி எழும். அதன்மீது வயலின் ஒன்று சிறியதோர் இசைத் தொடரை இசைக்கும். அதன் பின்னரே அறிவிப்பாளரின் குரல் கேட்கும். அகில இந்திய வானொலியின் முகப்பிசை அது.

சிவரஞ்சனி இராகத்தின் சாயல் பொருந்திய அவ்விசையை நம்மவர் ஒருவரே அமைத்திருத்தல் வேண்டும் என நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அதனை அமைத்தவர் ஜெர்மன் மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட வால்டர் கௌப்மன் என்பவர் எனப் பிற்காலத்தில் அறிந்து வியப்புற்றேன். வேறு பெயர் கூறுவாரும் உளரேனும், கௌப்மனின் ஆக்கம் என்பதே பெரும்பாலோர் கொள்கை. சில நொடிகளில் முடிந்துவிடும் அவ்விசையை நாம் அறிவோம். அதன் பின்னிருந்த மனிதரை அறிந்தவர் சிலரே. அன்னாரின் வாழ்க்கையையும் கல்விப் பணியையும் பற்றிச் சில சொல்ல விரும்புகின்றேன்.

கௌப்மன் 1907 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 1 ஆம் திகதி கார்ல்சுபாட் நகரிற் பிறந்தார். வெந்நீரூற்றுக்களுக்குப் பெயர் பெற்ற அந்நகர் அன்று ஆஸ்திரிய ஹங்கேரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. இன்று செக் நாட்டில் கார்லோவி வாரி என வழங்குகின்றது. யூத மரபிற் பிறந்தவராயினும் மொழியாலும் கல்வியாலும் அவர் ஜெர்மானியப் பண்பாட்டின் பிள்ளையாகவே வளர்ந்தார். 1920களின் பிற்பகுதியில் பெர்லின் நகர் சென்று, அங்குள்ள அரசாங்க உயர் இசைக் கல்லூரியிற் பயின்றார். இசையாக்கத்தைப் பிரான்ஸ் ஷிரெக்கர் என்பவரிடமும், இசையாராய்ச்சியைக் கூர்ட் சாக்ஸ் என்பவரிடமும் கற்று, 1930 இல் அக்கல்வியை நிறைவு செய்தார்.

கூர்ட் சாக்ஸின் பெயரை நாம் சற்று நின்று நோக்குதல் தகும். அவர் 1914 ஆம் ஆண்டில் ஹோர்ன்பொஸ்டெல் என்னும் அறிஞரோடு சேர்ந்து, உலகத்து இசைக்கருவிகள் யாவற்றையும் ஒரு முறைமையில் வகுத்துக் காட்டினார். தன் உடலே அதிர்ந்து ஒலிப்பன, தோல் அதிர்ந்து ஒலிப்பன, நரம்பு அதிர்ந்து ஒலிப்பன, காற்று அதிர்ந்து ஒலிப்பன என்பன அந்நான்கு பெரும்பிரிவுகள். நம் முன்னோர் கஞ்சக்கருவி, தோற்கருவி, நரம்புக்கருவி, துளைக்கருவி என்று வகுத்த முறைக்கு இஃது எத்துணை அணுக்கமானது என்பதை நேயர்கள் தாமே உணர்வர். அரண்மனைக் கருவி உயர்ந்தது, குடிசைக் கருவி தாழ்ந்தது என்னும் பேச்சுக்கு அந்த வகுப்பு முறையில் இடமில்லை. எது அதிர்ந்து ஒலிக்கின்றது என்பது ஒன்றே அதன் வினா. இத்தகைய ஆசிரியரிடம் பயின்ற மாணவர் கீழைநாட்டு இசையின்பால் நாட்டங் கொண்டமை இயல்பே.

பெர்லினை விட்டுப் பிராக் நகரை அடைந்த கௌப்மன், அங்கிருந்த ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் குஸ்தாவ் பெக்கிங், பவுல் நெட்டில் ஆகியோரிடம் இசையாராய்ச்சியைத் தொடர்ந்தார். குஸ்தாவ் மாலர் என்னும் இசைமேதையைப் பற்றி ஆய்வுரை ஒன்றும் எழுதினார். கலாநிதிப் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆயின் காலம் மாறிவிட்டது. 1933 சனவரியில் ஹிட்லர் ஜெர்மனியின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டிலேயே கூர்ட் சாக்ஸ் யூதர் என்ற காரணத்தாற் பதவி இழந்து பாரிஸ் நகருக்குப் புகலிடந் தேடிச் சென்றார். ஷிரெக்கரும் கல்லூரித் தலைமைப் பதவியினின்றும் விலக்கப்பட்டு, 1934 மார்ச்சு மாதத்தில் உயிர் நீத்தார். தம்முடைய பேராசிரியர் பெக்கிங் அவ்வூர் நாசி இளைஞர் அணியின் தலைவர் என்னும் செய்தி கௌப்மனுக்கு அவ்வேளையிலே தெரியவந்தது. அத்தகையவர் கையினின்றும் பட்டம் பெறுதல் தமக்கு ஒவ்வாது என்று கூறி, அவர் பட்டத்தையே துறந்தார். ஒரு சான்றிதழுக்காக நம் பிள்ளைகள் எத்தனை இரவுகள் கண் விழிக்கின்றனர் என்பதை அன்றாடம் காண்பவன் நான். முடிந்த ஆய்வை மூடிவைத்து வெறுங்கையோடு புறப்பட்ட அந்த இருபத்தாறு வயது இளைஞரின் மனவுறுதியை எண்ணுந்தோறும் எனக்கு மெய்சிலிர்க்கின்றது.

1934 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தார். இந்தியாவைத் தேர்ந்ததற்கு இரு காரணங்களை அவர் பின்னர்க் கூறினார். ஒன்று, அந்நாட்டுக்கு நுழைவு அனுமதி எளிதிற் கிடைத்தது. மற்றையது நாம் சிந்திக்கத் தக்கது. ஐரோப்பாவில் இருந்தபோதே இந்திய இசைத்தட்டுக்கள் சிலவற்றை அவர் கேட்டிருந்தார். அவை அவருக்கு விளங்கவும் இல்லை, இனிக்கவும் இல்லை. பிறராயின் இது காட்டிசை என்று ஒதுக்கியிருப்பர். அவரோ, இதயமும் அறிவும் உடைய மக்கள் படைத்த இசை இது. கோடிக்கணக்கானோர் இதனை விரும்பிக் கேட்கின்றனர். ஆகவே பிழை இசையில் இருத்தல் இயலாது, என்னிடத்திலேயே இருத்தல் வேண்டும் என முடிவு செய்தார். அப்பிழையைத் திருத்திக்கொள்ள அவ்விசை பிறந்த மண்ணுக்கே செல்லத் துணிந்தார். சில காலம் தங்கி மீளும் எண்ணத்தோடு வந்தவர் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் அங்கு வாழ்ந்தார்.

பம்பாயில் அவர் வாளாவிருக்கவில்லை. வந்த ஆண்டிலேயே, சிறு குழுவினராய் அமர்ந்து வாசிக்கும் மேனாட்டு இசைக்கென ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தார். கௌப்மன் பியானோ வாசிக்க, மெலி மேத்தா வயலின் வாசித்தார். உலகப் புகழ் பெற்ற இசைநடத்துநர் சுபின் மேத்தாவின் தந்தையே இந்த மெலி மேத்தா. 1937 மே மாதத்திற்குள் இச்சங்கம் 136 நிகழ்ச்சிகளை நடாத்தியிருந்தது. அவ்வாண்டு முதல் 1946 வரை அகில இந்திய வானொலியின் பம்பாய் நிலையத்தில் மேனாட்டு இசைப் பிரிவின் பொறுப்பைக் கௌப்மன் வகித்தார். முகப்பிசையில் ஒலிக்கும் வயலின் மெலி மேத்தாவினுடையது என்பர். மேனாட்டு நரம்புக்கருவி இராகத்தைப் பேச, நம் தம்புரா அதனைத் தாங்கி நிற்க, இரு மரபுகள் ஒன்றையொன்று அடக்கியாளாது அச்சிறு இசையிலே உடன் உறைகின்றன.

நிலையப் பணியோடு அவர் அமைந்துவிடவில்லை. வித்துவான்களிடம் இராக இலக்கணம் கேட்டறிந்தார். மத்திய இந்தியக் காடுகளிலும் மலைகளிலும் வாழ்ந்த கோண்டர், பைகர் ஆகிய பழங்குடி மக்களின் பாடல்களையும் செவிகொடுத்துக் கேட்டுச் சுரப்படுத்தினார். அவற்றைப் பற்றிய அவரது கட்டுரை 1941 ஆம் ஆண்டில் அமெரிக்க இசையாராய்ச்சி ஏடொன்றில் வெளிவந்தது. பெரு நகரத்துப் பண்டிதர் பலரும் ஏறிட்டு நோக்காத மலைவாசிகளின் பாட்டை, நாடிழந்து வந்த அயலவர் ஒருவர் ஆராய்ச்சிக்கு உரியதெனக் கண்டார்.

இவ்வாறு அவர் பம்பாயில் இசையோடு உறவாடிய ஆண்டுகளிலேதான் ஐரோப்பாவில் அவர் இனத்தவர் அழிக்கப்பட்டனர். அவர் மணந்த கெர்ட்டி அம்மையார், பெயர் பெற்ற எழுத்தாளர் பிரான்ஸ் காஃப்காவின் சகோதரி எல்லியின் மகளாவார். அந்த எல்லி 1941 இல் போலந்து நாட்டு லோட்ஸ் நகரத்து யூதர் குடியிருப்புக்குக் கொண்டு செல்லப்பட்டார், மீளவில்லை. காஃப்காவின் சகோதரியர் மூவருமே நாசிகளின் கொடுமைக்கு இரையாயினர். கௌப்மனைப் பம்பாய்க்குக் கொணர்ந்த அந்தக் கப்பற் பயணம் இசைக்கல்விக்கு மட்டுமன்றி உயிருக்கும் வழியாயிற்று.

1946 இல் இந்தியாவை விட்டு இங்கிலாந்து சென்ற அவர், அடுத்த ஆண்டு கனடாவை அடைந்து ஹலிபாக்ஸ் நகரத்து இசைக் கல்லூரியிற் கற்பித்தார். 1948 முதல் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் வின்னிப்பெக் நகரத்துப் பேரிசைக் குழுவின் முதல் நடத்துநராக விளங்கினார். 1957 ஆம் ஆண்டில், தம் ஐம்பதாவது வயதில், அமெரிக்காவின் புளூமிங்டன் நகரிலுள்ள இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் இசையாராய்ச்சித் துறையில் ஆசிரியப் பணியை ஏற்றார். பிராக் நகரில் அவருக்குக் கற்பித்த பவுல் நெட்டிலும், அவ்வாறே நாடு துறந்து வந்து, 1946 முதல் அப்பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக இருந்தார். ஐரோப்பாவிற் பிரிந்த ஆசிரியரும் மாணவரும் கடலுக்கு அப்பால் ஒரே துறையில் ஒன்று கூடினர். பட்டத்தைத் துறந்து வந்தவர், இருபது ஆண்டுக்காலம் பிறருடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியராகப் பணியாற்றி 1977 இல் ஓய்வு பெற்றார்.

அவருடைய பெரு நூல்கள் யாவும் இக்காலத்து விளைச்சல்களே. கீழை நாடுகளின் சுரக்குறியீட்டு முறைகளைப் பற்றிய நூல் 1967 இலும், வட இந்திய இராகங்களைப் பற்றிய நூல் 1968 இலும், திபெத்தியப் பௌத்தர் ஓதுமுறை பற்றிய நூல் 1975 இலும், தென்னிந்திய இராகங்களைப் பற்றிய நூல் 1976 இலும் வெளிவந்தன. முன்பு கூறிய காட்டு மக்களின் பாடல்களையும் அவர் மறக்கவில்லை. பஸ்தார்ப் பகுதி மக்களின் பாடல்களைப் பற்றி 1960களின் தொடக்கத்தில் மீண்டும் எழுதினார்.

தென்னிந்திய இராகங்கள் பற்றிய நூல் தமிழராகிய நமக்கு நெருங்கியது. அதில் இராகங்களின் ஆரோகண அவரோகணங்கள் திரட்டித் தரப்பட்டுள்ளன. சுர வரிசை மட்டும் இராகம் ஆகிவிடுமா என்று நம் வித்துவான்கள் வினவுவர். நியாயமான வினாவே. கமகமும் சஞ்சாரமும் இன்றேல் இராகத்திற்கு உயிர் இல்லை. ஒரே சுரங்களைக் கொண்ட இரு இராகங்கள் வெவ்வேறு முகங் காட்டுதலும் உண்டு. ஆசிரியரும் இதனை அறியாதவரல்லர். தம் நூலைச் சுர வரிசைகளின் பட்டியல் என்றே அடக்கத்தோடு பெயரிட்டார். வீட்டைக் கட்டித் தந்தேன் என்று அவர் கூறவில்லை. கல்லை அடுக்கித் தந்தேன் என்றே கூறினார். மேனாட்டு மாணவர் ஒருவர் நம் இசையின் பரப்பை ஒரே நோக்கிற் காண்பதற்கு அப்பட்டியல் பெரிதும் உதவியது.

1984 செப்டெம்பர் மாதம் 9 ஆம் திகதி கௌப்மன் புளூமிங்டன் நகரிற் காலமானார். அவருடைய இசையாக்கங்கள் நெடுங்காலம் கையெழுத்துப் படிகளாகவே உறங்கின. 2020 இல் கனடாவின் ரொறொன்ரோ நகரத்து இசைக்குழு ஒன்று அவற்றுட் சிலவற்றை இசைத்தட்டாக வெளியிட்ட பின்னரே உலகம் அவரை மீண்டும் திரும்பிப் பார்த்தது.

அதே 1984 ஆம் ஆண்டின் நவம்பர் மாதத்தில் நம் மலைநாடும் ஒருவரை இழந்தது. அவர் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947 இல் தலவாக்கலைத் தொகுதியினின்றும் பாராளுமன்றம் சென்ற அப்பெருமகன், தோட்டத்து மக்களின் தாலாட்டையும் ஒப்பாரியையும் தெம்மாங்கையும் தேடித் திரட்டியவர். இவ்விருவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர் என்று நான் கூறவில்லை. எளிய மக்களின் பாட்டுக்கும் செவி சாய்த்தல் வேண்டும் என்னும் கொள்கை இருவருக்கும் பொதுவாயிருந்தது.

இவ்வரலாற்றை நான் இங்குக் கூற முற்பட்டமைக்கு என் சொந்த வாழ்விலும் ஒரு காரணம் உண்டு. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், நான் இளம் ஆசிரியனாகப் பணியாற்றிய பாடசாலை ஒன்றிற் பரிசளிப்பு விழா. மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, தன் பாட்டனார் கற்பித்த தப்பை மேடையில் வாசிக்க அனுமதி வேண்டினான். சாவு வீட்டிலும் காமன் கூத்திலும் அடிக்கும் கருவி கல்விக் கூடத்து மேடைக்கு ஒவ்வாது என்று சொல்லி மறுத்துவிட்டேன். அவன் மறுமொழி கூறாது போய்விட்டான். தோலைத் தீயிற் காய்ச்சிச் சுருதி கூட்டும் நுட்பத்தையும், பிறப்புக்கு ஒன்று, இறப்புக்கு ஒன்று, திருவிழாவுக்கு ஒன்று என அடி வேறுபடுத்தும் கணக்கையும் அப்பிள்ளை அறிந்திருந்தான். நான் அறிந்திருக்கவில்லை. கௌப்மனின் வரலாற்றை முதன்முதல் வாசித்த அன்று எனக்கு அம்மாணவனின் முகமே நினைவுக்கு வந்தது. பெர்லின் கல்லூரியிற் பயின்ற ஒருவர், தமக்கு விளங்காத இசையைக் கேட்டுப் பிழை தம்முடையது என்றார். லயத்திலே தப்பொலி கேட்டு வளர்ந்த நானோ, பிழையைத் தப்பின்மேற் சுமத்தினேன்.

இன்று எங்கள் பாடசாலை விழாக்களில் தப்பு ஒலிக்கின்றது. ஆயினும் அதனை முறையாக அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். நேயர்களே, உங்கள் தோட்டத்திலும் ஊரிலும் அத்தகைய பெரியோர் இருப்பின், அவர்கள் அருகே ஒரு நாள் அமர்ந்து கேளுங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கேட்டவற்றைப் பதிந்து வையுங்கள். முதல் நாள் விளங்காவிடின் மறு நாளும் செல்லுங்கள்.