கோழிக் கட்டி கூறிய உண்மை

இரைப்பைப் புற்றுநோய்க்கு இன்று அளிக்கப்படும் ஒரு மருந்தின் வரலாறு, ஒரு கோழியின் கட்டியில் தொடங்குகிறது என்றால் பலர் வியப்படைவர். ஆயினும் அதுவே உண்மை.

நியூயார்க்கில் ராக்பெல்லர் ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றியவர் பெய்டன் ரௌஸ். அவர் கோழியின் கட்டியை அரைத்து, உயிரணுவும் பாக்டீரியாவும் புக இயலாத வடிகட்டியில் வடித்து, அச்சாற்றை வேறு கோழிகளுக்குச் செலுத்தினார். அவற்றிலும் கட்டி தோன்றியது. புற்றுநோயை உண்டாக்கும் வைரசு ஒன்று உண்டென 1911-இல் அவர் வெளியிட்டதை அக்கால அறிஞர் பலர் பொருட்படுத்தவில்லை. நோபல் பரிசு அவரை அடைந்தது 1966-இல். அப்பொழுது அவருக்கு வயது 87.

வீட்டிலிருந்தே வந்த பகை

அவ்வைரசில் புற்றை விளைக்கும் மரபணு எங்கிருந்து வந்தது? கலிபோர்னியாவில் பிஷப், வார்மஸ் ஆகியோர் குழுவினர் 1976-இல் விடை கண்டனர். அது நோயற்ற கோழியின் உயிரணுவிலேயே உள்ளது. வைரசு அதனை என்றோ கவர்ந்து சென்றது. புற்றுநோய்க்கு வித்தாகும் மரபணு, உடலின் வளர்ச்சிக்குத் தேவையான மரபணுவே! அது நெறி தவறும்பொழுதே தீமை விளைகிறது. இவ்விருவரும் 1989-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இரைப்பையில் நிகழ்வது

எலியின் நரம்புக் கட்டியில் கண்ட ஒரு மரபணுவுக்கு 1984-இல் 'நியூ' எனப் பெயரிட்டனர். மனிதரிடம் அதற்கு நிகரானதே 'ஹெர்-2'. அது 17-ஆம் நிறப்புரியில் அமைந்துள்ளது. கோழிகளைத் தாக்கும் மற்றொரு வைரசு கவர்ந்து சென்ற மரபணுவுக்கும் இஃது உறவே.

ஹெர்-2 ஆக்கும் புரதம் உயிரணுவின் மேற்புறத்தில் நின்று, 'வளர்க' என்னும் கட்டளையை உள்ளே அனுப்புகிறது. சில இரைப்பைக் கட்டிகளில் இம்மரபணு பன்மடங்காகப் பெருகிவிடுகிறது. புரதமும் மிகுகிறது, கட்டளை ஓயாது ஒலிக்கிறது, உயிரணுக்கள் வரம்பின்றிப் பிரிகின்றன. முற்றிய இரைப்பைப் புற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இத்தகையது. ஒரே கட்டியின் ஒரு பகுதியில் மிகுந்தும் மறுபகுதியில் இயல்பாகவும் இது காணப்படலாம். ஆதலின் மருத்துவர் பல இடங்களிலிருந்து சதைத் துணுக்கு எடுத்து ஆராய்கின்றனர்.

இதனையே நோயின் முதற்காரணம் எனக் கொள்ளலாகாது. ஆண்டுக்கணக்கில் இரைப்பையைப் புண்படுத்தும் ஹெலிகோபாக்டர் என்னும் பாக்டீரியாவைப் புற்று விளைக்கும் காரணி என 1994-இல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்தது. பலருக்கு முதலில் தீ மூட்டுவது அது. மூண்ட தீக்குச் சிலரிடம் காற்றாக அமைவது ஹெர்-2.

மருந்தும் அதன் அளவும்

ஹெர்-2 புரதத்தைப் பற்றித் தடுக்கும் டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து, மார்பகப் புற்றுக்கென 1998-இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. பின்னர் 24 நாடுகளில் ஹெர்-2 மிகுந்த இரைப்பைப் புற்றுநோயாளர்க்கு அதனை அளித்துச் சோதித்தனர். 2010-இல் வெளியான முடிவின்படி, வழக்கமான மருந்து மட்டும் பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 11.1 திங்கள், இதனையும் சேர்த்துப் பெற்றோர்க்கு 13.8 திங்கள்.

வேறுபாடு மூன்று திங்களுக்கும் குறைவே. எனினும், முற்றிய நிலையில் அத்திங்கள்கள் ஒரு குடும்பத்துக்கு எத்துணைப் பெரியவை! ஹெர்-2 மிகாத கட்டிக்கோ இம்மருந்து பயன் தராது. சோதித்தறிந்த பின்னரே அளித்தல் வேண்டும். ஒரு கோழியின் கட்டியை இகழாது ஆராய்ந்தவரின் பொறுமை, நூறாண்டளவில் மனிதருக்குப் பயன் தந்தது. அறிவின் விளைச்சல் மெல்ல வருவது, ஆயினும் வாராதொழிவதில்லை.