வாரண்டிக் காலத்தில் சூப்பர்சார்ஜர் பொருத்துதல்

புதிதாக வாங்கிய பிக்கப் டிரக்கில், வண்டி நிறுவனம் கொடுத்த வாரண்டி முடிவதற்கு முன்பே, இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் சூப்பர்சார்ஜரைத் தனியாக வாங்கிப் பொருத்துவது அமெரிக்காவில் நெடுநாளாக உள்ள வழக்கம். அங்கே பிக்கப் என்பது வேலைக்குப் போகும் வண்டி, குடும்ப வண்டி, படகை இழுக்கும் வண்டி எல்லாம்தான். பழுது வந்தால் செலவை யார் ஏற்பது என்பதே இதிலுள்ள சிக்கல். டீலரிடம் கேட்டால் வாரண்டி போய்விடும் என்பார். சூப்பர்சார்ஜரைத் துணைப் பாகங்களோடு 'கிட்' ஆக விற்பவரிடம் கேட்டால் சட்டப்படி போகாது என்பார். இரண்டையுமே முழுதாக நம்பக்கூடாது.

கருவியும் அதன் சுமையும்

1860-இல் இந்தியானா மாநிலத்தின் கானர்ஸ்வில் ஊரைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் காப்புரிமை பெற்ற காற்றூதியே இன்றைய பல சூப்பர்சார்ஜர்களுக்கு மூதாதை. உலைக்கும் சுரங்கத்துக்கும் காற்றூதிய அந்தக் கருவியின் அமைப்பு பின்னாளில் இன்ஜின் மேல் ஏறியது. இரட்டைத் திருகு வகை, சுவீடனின் ஆல்ஃப் லிஷோல்ம் 1930-களில் உருவாக்கியது. டர்போ புகையின் வேகத்தில் சுழலும். சூப்பர்சார்ஜரோ கிராங்க் ஷாஃப்டிலிருந்து வரும் பெல்ட்டில் சுழலும். அதனால் ஆக்சிலரேட்டரை மிதித்த கணமே இழுவை கூடும். சுழலும்போது எழும் மெல்லிய ஊளைச் சத்தத்துக்காகவே இதை விரும்புகிறவர்களும் உண்டு.

வி-8 இன்ஜினில் வேலை மேலிருந்து தொடங்கும். பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் அலுமினியக் கூடு ஒன்றை உட்கார வைப்பார்கள். வளிமண்டல அழுத்தம் கடல் மட்டத்தில் 14.7 பி.எஸ்.ஐ. அதன் மேல் 8 பி.எஸ்.ஐ. கூட்டினால், கணக்குப்படி ஒன்றரை மடங்கு காற்று சிலிண்டருக்குள் போகும். ஆனால் அழுத்திய காற்று சூடேறும். சூடேறினால் அடர்த்தி குறையும். ஆகவே நீரால் குளிரும் இன்டர்கூலர், அதற்கென்று முன்புறத்தில் தனி ரேடியேட்டர், கூடுதல் பெட்ரோல் தரும் இன்ஜெக்டர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக இன்ஜின் கணினிக்குப் புதிய நிரல் ஆகியவை கிட்டோடு வரும்.

ஆபத்து பெரும்பாலும் இந்த நிரலில்தான் இருக்கிறது. ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பின் 5.0 லிட்டர் வி-8 இன்ஜினுக்கு 2018 முதல் அழுத்த விகிதம் 12:1. வெளிக்காற்றை மட்டும் இழுக்கும் இன்ஜினுக்கே இது உயர்ந்த விகிதம். அதன் மேல் அழுத்திய காற்றை ஏற்றும்போது ஸ்பார்க் நேரம் சற்றுப் பிசகினாலும், தரம் குறைந்த பெட்ரோல் ஊற்றினாலும் 'நாக்கிங்' தொடங்கும். எரிபொருள் வேளைக்கு முன்னே தானாக வெடித்து, பிஸ்டனின் ரிங் பதியும் விளிம்பை உடைத்துவிடும். அதைத் தாண்டினாலும் கியர்பாக்ஸும் பின் அச்சும் அதுவரை சுமக்காத முறுக்குவிசையைச் சுமக்க வேண்டும்.

சட்டம் சொல்வது

இதில் எல்லோரும் எடுத்துக்காட்டும் சட்டம் மேக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டம். 1975 ஜனவரியில் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு அதில் கையெழுத்திட்டார். (இந்த மேக்னசன், வாஷிங்டன் மாநில செனட்டர் வாரன் மேக்னசன். அதே பெயரில் கலிபோர்னியாவில் சூப்பர்சார்ஜர் செய்யும் நிறுவனம் வேறு.) தன் பிராண்டு பாகத்தை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு வாரண்டி கொடுக்கக்கூடாது என்பது அதன் முக்கிய விதி. அந்தப் பாகத்தை இலவசமாகத் தந்தாலோ, கூட்டாட்சி வணிக ஆணையத்திடம் விலக்கு பெற்றாலோதான் நிபந்தனை செல்லும். ஆகவே சூப்பர்சார்ஜர் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக முழு வாரண்டியையும் ரத்து செய்ய முடியாது. கண்ணாடி இறக்கும் மோட்டார் பழுதானால் நிறுவனம்தான் சரிசெய்து தரவேண்டும்.

வெளிப் பாகத்தால் வந்த சேதத்துக்கு நிறுவனம் பணம் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. கிட் விற்பவர்கள் விழுங்கிவிடும் பகுதி இதுதான். சேதத்துக்குக் காரணம் வெளிப் பாகமே என்று நிறுவனம் காட்ட வேண்டும் என்பது உண்மை. ஆனால் அழுத்திய காற்று ஊட்டிய இன்ஜினில் பிஸ்டன் உடைந்து கிடந்தால், அதைக் காட்டுவது அவர்களுக்குக் கடினமே அல்ல. மறுத்துவிட்டால் வாடிக்கையாளர்தான் மத்தியஸ்தத்துக்கோ வழக்குக்கோ போகவேண்டும். வென்றால் வழக்கறிஞர் செலவையும் பெறச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அதுவரை வண்டி ஓடாமல் நிற்கும். தவணை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஃபோர்டு பிக்கப்புக்கு முழு வண்டி வாரண்டி 3 ஆண்டு அல்லது 36,000 மைல் (சுமார் 58,000 கி.மீ.). இன்ஜினும் கியர்பாக்ஸும் அடங்கிய பவர்டிரெயின் வாரண்டி 5 ஆண்டு அல்லது 60,000 மைல். சூப்பர்சார்ஜரால் நேரே ஆபத்துக்குள்ளாவது இந்த இரண்டாவதுதான்.

சான்று எங்கே இருக்கிறது

ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில், 16 ஊசித் துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லா கார்களிலும் இலகு டிரக்குகளிலும் இது கட்டாயம். டீலரின் மெக்கானிக் அதில் கருவியைச் செருகினால் கணினி நிரலின் சரிபார்ப்பு எண் திரையில் வரும். ஜெனரல் மோட்டார்ஸ் டீலர்கள் அந்த எண்ணைப் படமெடுத்து நிறுவனத்துக்கு அனுப்பும் நடைமுறை உண்டு. தொழிற்சாலை எண்ணோடு பொருந்தவில்லை என்றால் அந்த வண்டியின் பவர்டிரெயின் வாரண்டிக்குத் தடை விழும். சர்வீசுக்கு விடுவதற்கு முந்தின நாள் பழைய நிரலைத் திருப்பி ஏற்றுகிறவர்களும் உண்டு. அது நேர்மையல்ல, பயனும் பெரிதாக இல்லை. பிழைக்குறிகள் அழிந்த பின் ஓடிய தூரத்தை அதே கணினி குறித்து வைத்திருக்கிறது.

நிறுவனமே தரும் வழி

வாரண்டியை இழக்க விரும்பாதவருக்கு நல்ல வழி, வண்டி நிறுவனமே பொறுப்பேற்கும் கிட். டொயோட்டா தன் டி.ஆர்.டி. பிரிவின் வழியாக டுன்ட்ரா பிக்கப்பின் 5.7 லிட்டர் வி-8-க்கு இப்படி ஒன்றை விற்றது. 381 குதிரைத்திறன் 504 ஆயிற்று. இன்று அது விற்பனையில் இல்லை. ஃபோர்டு பெர்ஃபார்மன்ஸ், விப்பிள் நிறுவனத்தின் இரட்டைத் திருகுக் கருவியோடு 400 குதிரைத்திறன் எஃப்-150-ஐ 700-க்கு உயர்த்தும் கிட்டை விற்கிறது. தகுதிபெற்ற மெக்கானிக் பொருத்தினால் 3 ஆண்டு அல்லது 36,000 மைல் வாரண்டி உண்டு. ஆனால் 5 ஆண்டு பவர்டிரெயின் வாரண்டிக்கு இது ஈடாகாது. கிட் நிறுவனங்கள் தாமாகத் தரும் வாரண்டியிலும் இன்ஜின் உள்பாகங்கள் அடங்குமா, கூலி அடங்குமா என்பதை எழுத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். வாய்ச்சொல் எதற்கும் உதவாது.

புகை விதி

கலிபோர்னியாவில் இத்தகைய கிட்டுக்கு மாநிலக் காற்றுவள வாரியத்தின் நிர்வாக ஆணை எண் வேண்டும். பேனட்டைத் திறந்ததும் தெரியும்படி அந்த எண்ணைச் சிறு ஒட்டியில் ஒட்டியிருப்பார்கள். புகைச் சோதனைக்காரர் முதலில் தேடுவது அதைத்தான். வேறு மாநிலத்தில் வாழ்பவரும் ஆணை எண் உள்ள கிட்டையே வாங்குவது நல்லது. ஏனெனில் கூட்டாட்சிச் சட்டப்படி புகைவடிப்பானுக்கும் இன்ஜின் கணினிக்கும் 8 ஆண்டு அல்லது 80,000 மைல் தனி வாரண்டி உண்டு. அந்த இரண்டையும்தான் சூப்பர்சார்ஜரின் புதிய நிரல் நேராகத் தொடுகிறது.