நட்டுவனாரின் இடம்

பெசன்ட் நகரின் தெற்கு எல்லையை ஒட்டித் திருவான்மியூரில் அமைந்துள்ள கலாக்ஷேத்ரா, 1936இல் அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ருக்மிணி தேவி அருண்டேலால் தொடங்கப்பெற்று, 1962இல் இப்போதைய இடத்துக்குப் பெயர்ந்தது என்பது பலரும் அறிந்த செய்தி. அதன் தொடக்க ஆண்டுகளில் அங்கு ஆடல் கற்பித்த நட்டுவனார்களின் புலமைக்கு, அவர்களோடு பணியாற்றியோர் எத்தகைய மதிப்பை அளித்தனர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

நட்டுவனார் என்பவர் மூன்று தொழில்களை ஒருசேரச் செய்தவர். தட்டுக்கழியால் மனையில் தட்டி அடவுகளைப் பயிற்றுவிப்பதும், தாளத்துக்கு இசைய ஒலிக்கும் சொற்கட்டுகளைக் கோத்து ஜதிகளை இயற்றுவதும், அரங்கில் கைத்தாளம் ஒலித்து ஆடுபவரையும் பாடுபவரையும் மத்தளக்காரரையும் ஒருங்கே நடத்திச் செல்வதும் அவர் பொறுப்பு. அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் கச்சேரி முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்தவர்களாகக் கருதப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய தஞ்சை நால்வரும் நட்டுவ மரபினரே. ஆதலால் இத்தொழிலைப் பக்கவாத்தியமாக எண்ணுவதற்கு வரலாற்றில் இடமில்லை.

ஆயினும் 1930களில் அவ்வாறு எண்ணும் போக்கு வலுப்பெற்றது. சதிர் என்றும் சின்ன மேளம் என்றும் வழங்கிய ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரோடு சபா மேடைகளுக்கு வந்தபோது, நாட்டிய சாஸ்திரம், அபிநய தர்ப்பணம் முதலிய வடமொழி நூல்களைப் பயின்ற அறிஞர்களின் சொல் சான்றாதாரமாகக் கொள்ளப்பட்டது; தலைமுறை தலைமுறையாக நினைவிலும் உடலிலும் காக்கப்பட்ட நட்டுவனாரின் அறிவோ, நூலறிவால் செப்பனிடப்பட வேண்டிய மூலப்பொருளாகக் கருதப்பட்டது. ருக்மிணி தேவிக்குக் கற்பிக்கப் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலில் தயங்கியதற்கு, மரபுக்கு வெளியே பிறந்த, வயதில் முதிர்ந்த மாணவி என்ற எண்ணமே காரணமாகச் சொல்லப்படுகிறது. தம் வித்தை எவ்வாறு கையாளப்படுமோ என்ற ஐயமும் அதில் கலந்திருக்கலாம் என்று கருத இடமுண்டு. பின்னர் அவர் இசைந்தார். அவர் மருமகன் சொக்கலிங்கம் பிள்ளையும், காட்டுமன்னார்கோயில் முத்துக்குமாரப் பிள்ளை போன்றோரும் அந்நிறுவனத்தில் ஆசிரியர்களாயினர். ஆடுபவரின் பின்னால் நின்று, அவர் நகர நகரத் தாமும் நகர்ந்த இசைக்குழு மேடையின் ஓரத்தில் அமர்த்தப்பட்டது. அரங்கக் கலையின் நோக்கில் இது நல்ல மாற்றமே. எனினும், எந்தப் பொருள் மேடைக்கு உரியது, எது விலக்கப்பட வேண்டியது என்ற முடிவும் நட்டுவனாரின் கையைவிட்டு இதே காலத்தில்தான் நழுவியது.

1940களின் தொடக்கத்தில் சொக்கலிங்கம் பிள்ளை விலகிய பின், கலாக்ஷேத்ராவின் மாணவியரே தாளத்தைக் கையில் எடுத்தனர். பரம்பரை ஆண்களே காத்துவந்த ஒரு பணியைப் பெண்கள் ஏற்றது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆனால் தாளம் தட்டுவதைக் கற்றுக்கொள்ள முடிந்ததாலேயே, அதற்குப் பின்னிருந்த இயற்றும் திறனும் எளிதானதே என்ற எண்ணம் பரவியது. இழப்பு இங்கேதான் நேர்ந்தது.

இந்நிலையை நட்டுவனார்கள் எதிர்கொண்ட முறை கவனத்துக்குரியது. சிலர் வாதிடாமல் விலகித் தமக்கெனக் களம் அமைத்தனர். வழுவூர் ராமையா பிள்ளை சென்னையில் தம் பாணியை நிலைநாட்டித் திரைப்படங்களுக்கும் நடனம் அமைத்தார். கலாக்ஷேத்ராவில் கற்பித்த கே. என். தண்டாயுதபாணி பிள்ளை பின்னர் சொந்தப் பள்ளி நடத்தினார். திருவிடைமருதூர் குப்பையா பிள்ளையின் குடும்பத்தினர் 1945இல் பம்பாயில் ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திரை நிறுவினர். தஞ்சை நால்வரின் வழித்தோன்றலான கிட்டப்பா பிள்ளை வேறொரு வழியைத் தேர்ந்தார்: குடும்பச் சொத்தாக இருந்த உருப்படிகளைப் ‘பொன்னையா மணிமாலை’ என்னும் நூலாக 1960களில் சுரதாளக் குறிப்புகளோடு அச்சிற்குக் கொண்டுவந்து, ஏட்டுச் சான்று கேட்டோருக்கு ஏட்டாலேயே விடையளித்தார். இவ்வழிகளுள் இதுவே நீடித்த பயன் தந்தது எனலாம், ஏனெனில் பெயரோடு அச்சேறிய உருப்படியைப் பிறர் தமதென்று சொல்வது கடினம்.

இன்றும் அரங்கேற்ற அழைப்பிதழ்களில் நட்டுவாங்கம் என்ற தலைப்பின்கீழ் ஒரு பெயர் அச்சாகிறது. ஜதிகளை இயற்றியவர் யார் என்பது பெரும்பாலும் அச்சாவதில்லை. அவ்வரியையும் சேர்த்து அச்சிடுவது சபாக்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அரிய செயலன்று. அதை இனியேனும் அவர்கள் செய்யவேண்டும்.